படகுக் காலில் ஒரு கசிவு

எங்கள் படகின் கால் எண்ணெய் விட ஆரம்பித்தது ஐப்பசியில்.

கால் என்றால் எங்கள் கரையில் எல்லோருக்கும் புரியும். மற்றவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். சின்னக்கானலுக்குக் கீழே உள்ள அணையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப்போகும் படகுகளில் பெரும்பாலானவை எஞ்சினைப் பின்புறத்தில் தொங்கவிட்டவை. எங்களுடையதில் எஞ்சின் படகுக்குள்ளேயே, பின்னிருக்கைக்கு அடியில், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதிலிருந்து ஒரு தண்டு படகின் பின்சுவரைத் துளைத்து வெளியேறி, தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் உலோகக் கால் ஒன்றுக்குள் போகிறது. அந்தக் காலின் கீழ்முனையில் விசிறி சுற்றுகிறது. ஸ்டெர்ன் டிரைவ் என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். காலுக்குள் பற்சக்கரங்கள் இருக்கின்றன. அவை நனைந்தே கிடக்க கியர் ஆயில் வேண்டும். எஞ்சின் பெட்டிக்குள் இருக்கும் ஒரு வெள்ளை பாட்டிலில் அந்த எண்ணெயின் மட்டம் தெரியும்.

பாட்டிலைக் காலைதோறும் திறந்து பார்ப்பவள் எங்கள் படகோட்டி. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தேயிலைக் கொழுந்து பறித்து, முப்பது வயதுக்கு மேல் படகோட்ட விரும்பித் தேர்வெழுதி லைசன்ஸ் வாங்கியவள். அணையில் படகோட்டும் ஒரே பெண். ஸ்டியரிங்குக்கு முன்னால் மாதா படம் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறாள். என்னை மதினி என்பாள். என் கணவரை அண்ணே என்பாள். சொந்தம் ஒன்றுமில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆகிவிட்ட சொந்தம்.

ஒரு நாள் காலையில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“மதினி, பாட்டில்ல எண்ண எறங்கிருக்கு. நேத்தும் ஊத்துனேன், இன்னிக்கும் எறங்கிருக்கு.”

அன்று பிற்பகலே படகுத்துறை ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அணை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி அதை அழகு என்று எண்ணவில்லை. கசிவை அடைக்கும் வரை படகு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று மலையாளத்தில் மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்புளியின் நுனியை இயந்திரத்திலும் பிடியைத் தன் காதிலும் வைத்து, பேரிங் எப்போது போகும் என்று சொல்லக்கூடியவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தீர்ப்பு முதலில் வரும். விசாரணை பிறகு, பெரும்பாலும் நான் கேட்டுக்கொண்டால் மட்டும். படகைச் சுற்றிப் பார்த்தார். காலின் அடித்தகட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. முடிந்தது விஷயம்.

“கட்டையில தட்டிருக்கா,” என்றார்.

அணை கட்டுவதற்கு முன் நின்ற மரங்களின் அடிக்கட்டைகள் இன்னமும் தண்ணீருக்குள் இருக்கின்றன. மட்டம் இறங்கும்போது சில தலைகாட்டும், நிரம்பினால் ஒளிந்துகொள்ளும். படகோட்டிக்குத் திறமை என்பதே அவை இருக்கும் இடத்தை மறக்காமல் இருப்பதுதான். கட்டையில் தட்டிய படகோட்டி என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், அந்தக் கரையில் வேறு யாரும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். அதிலும் பெண் என்றால், நான்தான் அப்போதே சொன்னேனே என்று சொல்லக் காத்திருக்கும் வாய்கள் நிறைய. அவளுக்கு அது தெரியும்.

“கட்டையில தட்டுனா எனக்குத் தெரியாதாண்ணே? ஸ்டியரிங்கு கைக்குச் சொல்லும்லா?”

“சொல்லிருக்கும். நீ செல்போனு பாத்துட்டு இருந்திருப்ப.”

“படகுல செல்போனு பாக்குறது யாருன்னு மதினியைக் கேளுங்க.”

அவர் என்னைக் கேட்கவில்லை. குட்டநாட்டில் தனக்குத் தெரிந்த ஒரு படகோட்டி இருக்கிறான், அடுத்த வாரம் அவனை வரச் சொல்லிவிடலாம் என்றார். அவளை எஸ்டேட்டில் மறுபடி கேட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்றும் சொன்னார். குரலில் கோபமில்லை. அதனால்தான் எனக்குக் கவலையாக இருந்தது. கோபமாக எடுக்கும் முடிவுகளை அவர் சாயங்காலத் தேநீரோடு மாற்றிக்கொள்வார். அமைதியாக எடுப்பவற்றை மாற்றுவதில்லை.

நான் எலப்புள்ளிக்காரி. மணமாகி மலைக்கு வந்து இத்தனை காலமாகியும் என் பேச்சு இன்னும் சமவெளியிலேயே இருக்கிறது.

“ஏனுங்க, நானொண்ணு சொல்லட்டுங்களா? எங்கிருந்து ஒழுகுதுன்னு மொதல்ல பாத்துப்போடலாமுங்க. அப்பறம் ஆள மாத்தறதப் பத்திப் பேசலாம்.”

“ஆரம்பிச்சிட்டா எலப்புள்ளிக்காரி. எங்க ஒழுகுனா என்ன, ஒழுகுதுல்லா?”

“எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சா ஏன் ஒழுகுதுன்னு தெரியுமுங்க.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நியாயமான மனிதர், நியாயத்துக்கு வந்து சேரச் சற்று அவகாசம் வேண்டும், அவ்வளவுதான்.

“சரி. காலு அடி வாங்கிருந்தா ஆளு மாத்தம். இல்லன்னா இவளே ஓட்டட்டும்.”

“எழுதிக் குடுக்க வேண்டாம்ணே,” என்றாள் அவள். “மதினி சாட்சி.”

பாலக்காட்டில் நூலகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து, கையில் கிடைத்த எதையும் முதல் பக்கத்திலிருந்து படிப்பது என் வழக்கம். படகோடு வந்த கையேட்டையும் அப்படித்தான் ஒரு மழைக்காலத்தில் படித்திருந்தேன். எழுதியவர் நகைச்சுவை உணர்வு சிறிதும் இல்லாதவர். ஆனால் ஒழுங்கான மனிதர். கசிவைத் தேடும் முறையை அவர் சொல்லியிருந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் ஒழுகுவது எந்த எண்ணெய் என்று பாருங்கள். பிறகு உள்ளே ஒழுகுகிறதா வெளியேயா என்று பாருங்கள். அதன் பிறகே எந்த இடம் என்று தேடுங்கள். சமையலறையில் கெட்ட வாடை வந்தால் நாம் செய்வதும் இதுதானே.

டிராக்டரை வரவழைத்துப் படகை டிரெயிலரோடு கரைக்கு இழுத்தோம். காலின் அடியில் துளிர்த்திருந்த எண்ணெயை நான் விரலில் எடுத்தேன். காலை மேலே தூக்கி இறக்குவதற்கு வேறொரு எண்ணெய் உண்டு. அது தண்ணீர் மாதிரி மெலிதாக ஓடும், வாடையும் இல்லை. இது கனமாக விரலோடு ஒட்டி இழுபட்டது. மூக்கருகில் கொண்டுபோனால் பூண்டும் அழுகின முட்டையும் சேர்ந்த ஒரு நாற்றம். கியர் ஆயிலேதான்.

“மோந்து பாருங்க,” என்று அவரிடம் நீட்டினேன்.

“இத மோந்து மோந்துதான் எனக்கு மூக்கே போச்சு,” என்றவர் மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்து, எஞ்சின் பெட்டியைத் திறந்து பாட்டிலிலிருந்து காலுக்குப் போகும் ரப்பர் குழாயை அவள் துணியால் துடைத்துக்கொண்டே போனாள். துணி சுத்தமாகவே வந்தது. குழாய் பின்சுவரைக் கடக்கும் இடத்துக்கு அடியில் செய்தித்தாள் விரித்துவைத்தாள். மறுநாள் அதில் ஒரு பொட்டும் இல்லை. படகின் அடிவயிற்றில் மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. அதன் மேலும் படலம் இல்லை. ஆக, கசிவு வெளியே.

வெளியே என்றால் கால் முழுவதும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டோம். காலையில் பார்த்தால் அட்டையில் ஒரு கறை, சரியாகக் கீறலுக்கு நேர் கீழே. அவர் கறையைச் சுட்டிக்காட்டிவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். அவள் முகம் சுருங்கிப் போனது. நான் கையேட்டுக்காரரை நம்பினேன். எண்ணெய் சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அது சரிவைத் தேடிப் போய் அடியில்தான் சொட்டும் என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தார்.

“மேல கூரை ஓட்டையானா, சொவத்து மூலையிலதானுங்க சொட்டுது?” என்றேன்.

அவர் பீடியை அணைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

காலின் அடித்திருகைக் கழற்றினார். எண்ணெய் ஒரு தட்டில் இறங்கியது. கருமையாக இருக்க வேண்டியது பால் குறைத்துப் போட்ட காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீரும் உள்ளே போக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். இன்னும் சில வாரம் கவனிக்காமல் விட்டிருந்தால் பற்சக்கரங்கள் துருவேறிப் போயிருக்கும். அந்தத் திருகின் நுனியில் ஒரு காந்தம் உண்டு, உள்ளே உலோகம் உடைந்தால் பிடித்துக்கொள்ள. அவர் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மை மாதிரி ஒரு குழைவு மட்டும்.

“சில்லு ஏதும் இருக்காண்ணே?” என்று கேட்டாள் அவள்.

“இல்ல,” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

இனிச் செய்ய வேண்டியது, காலியான காலுக்குள் காற்றை அடைத்து, அது எங்கே வெளியேறுகிறது என்று பார்ப்பது. அதற்கென்று, அழுத்தம் காட்டும் முள்ளோடு கூடிய சிறிய பம்பு ஒன்று உண்டாம்; கொச்சியில் கிடைக்குமாம். மெதுவாக, குறைந்த அழுத்தத்தில் ஆரம்பிக்கவும் என்று கையேடு வற்புறுத்தியது. குறைந்த அழுத்தம், கையால் அடிக்கும் பம்பு, முள் உள்ள வட்டம் என்று படித்துக்கொண்டிருந்தபோதே என் கண் மேசை மேல் இருந்த ரத்த அழுத்தக் கருவிக்குப் போனது. தினமும் காலையில் அவர் கையில் நான் சுற்றும் அதே கருவி.

“அது எனக்கு,” என்றார் அவர்.

“ரெண்டு நாளைக்கு இதுக்குமுங்க.”

தொழிற்சாலை நாட்களின் உற்சாகம் அவருக்கு அப்போதுதான் வந்தது. அடித்திருகு இருந்த துளைக்குப் பொருந்தும் ஒரு போல்ட்டைத் தேடியெடுத்து, நடுவில் துளைபோட்டு, கைப்பட்டையைக் கழற்றிவிட்டு அதன் ரப்பர் குழாயைப் போல்ட்டில் செருகினார். மேல் திறப்பையும் பாட்டில் குழாயையும் அடைத்தார். நான் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும், தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவும் தூரிகையும் கொண்டுவந்தேன். அவள் ரப்பர் குமிழை அழுத்தத் தொடங்கினாள். ஒரு கைக்குள் அடங்கும் காற்றுக்கும் ஒரு காலுக்குள் அடங்கும் காற்றுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அன்றுதான் தெரிந்தது. மூன்று பேரும் மாறி மாறி அழுத்தினோம். முள் நகரவே மனமில்லாமல் நகர்ந்து, கடைசியில் இருநூறைத் தொட்டது.

“இருநூறா?” என்றார் அவர். “இதுக்கு நான் எவ்வளவோ பரவால்ல. இதுக்குந்தான் உப்பைக் குறைக்கச் சொல்லு.”

குமிழை விட்டோம். முள் இறங்க ஆரம்பித்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நோயாளியின் தலைமாட்டில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. நான் தூரிகையை நனைத்து மேலிருந்து தடவிக்கொண்டு வந்தேன். மேல்மூடியைச் சுற்றி ஒன்றுமில்லை. இரண்டு பாகங்கள் சேரும் விளிம்பில் ஒன்றுமில்லை. கீறலின் மேல் தடவியபோது அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நுரை அப்படியே கிடந்தது. ஒரு குமிழிகூட எழவில்லை. ஆழமில்லாத வெறும் சிராய்ப்பு. டிரெயிலரில் ஏற்றும்போதுகூட வந்திருக்கலாம்.

விசிறியின் அடிப்பக்கம், அது தண்டோடு சேரும் இடுக்கு. அங்கே தடவியதும் நுரை மெல்ல உப்பியது. உடைந்தது. மறுபடி உப்பியது. உள்ளே சின்ன உயிர் ஒன்று மூச்சு விடுவதுபோல.

“இந்தா இருக்கு,” என்றாள் அவள், மிகத் தாழ்ந்த குரலில்.

விசிறித் தண்டு காலை விட்டு வெளியேறும் இடத்தில் முதுகுக்கு முதுகு வைத்த இரண்டு ரப்பர் வளையங்கள் உண்டு. சீல் என்பார்கள். ஒன்று எண்ணெயை வெளியே விடாது. இன்னொன்று தண்ணீரை உள்ளே விடாது. இரண்டுமே தோற்றுப் போயிருந்தன. ஏன் என்பதுதான் கேள்வி. கட்டையில் அடிபட்டுத் தண்டு வளைந்தாலும் சீல் தோற்கும். அது மூவருக்கும் தெரிந்திருந்தது.

விசிறி திரும்பாமலிருக்க இடையில் ஒரு மரத்துண்டைக் கொடுத்து, நட்டைக் கழற்றி, விசிறியை உருவி எடுத்தார். அதன் பின்னாலிருந்த வளையத்தையும் எடுத்தார். தண்டைச் சுற்றி, கம்பிச்சுருள் போல இறுக்கமாக, ஏதோ ஒன்று சுற்றியிருந்தது. சூட்டில் பாதி உருகிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. கத்திமுனையால் ஒரு நுனியை நெம்பி இழுத்தார். நைலான் நூல். நூலோடு சேர்ந்து நசுங்கி, பழுப்பேறி, ஆனாலும் நிறம் முழுதாகப் போகாத மஞ்சள் இதழ்கள்.

அவள்தான் முதலில் குனிந்தாள்.

“அண்ணே, இது எந்த மரத்துக் கட்டண்ணே?”

அவர் நூலை இன்னும் கொஞ்சம் உருவினார்.

“பூப் பூத்துருக்கே.”

ஆயுத பூஜையன்று நான் எலப்புள்ளியில் என் அண்ணன் வீட்டில் இருந்தேன். அவள் போடியில் ஒரு உறவுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். படகுக்கான பூஜையை அவர் தனியாகவே நடத்தியிருக்கிறார். மலையில் ஜீப்புக்கும் லாரிக்கும் மாலை போட்டால் அதை யாரும் கழற்ற மாட்டார்கள். மாலையோடுதான் முதல் ஓட்டம். அது தானாக வாடி, தானாக அறுந்து, எஸ்டேட் ரோட்டில் எங்காவது விழுந்துபோக வேண்டும். கையால் பிய்த்துப் போட்டால் அந்த வருஷம் வண்டி மக்கர் செய்யும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

“எல்லா வண்டிக்கும் முன்னால போடுறோம்,” என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். “இதுல ஓடுறது பின்னாலதான? எது ஓடுதோ அதுக்குத்தானே மரியாதை செய்யணும்? காலத் தூக்கி, சந்தனம் வச்சு, விசிறிக்கு ஒரு செவந்தி மாலை. அப்புறம் காலத் தண்ணிக்குள்ள எறக்கிட்டேன். தானா விழுந்துரும்னு நெனச்சேன்.”

“எலுமிச்சங்காயுமா வச்சீங்க?” என்றேன்.

“டிரெயிலர் டயருக்கடியில வச்சேன். படகுக்கு எங்கன போயி வைக்க?”

அவரைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அதற்கும் மேலாக ஒரு பரிவும் வந்தது. யாரும் இல்லாத துறையில் ஒரு மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரில் முழங்கால்வரை நின்று, படகின் விசிறிக்கு மாலை சூட்டும் காட்சி. மறுநாள் காலை ஒன்றும் தெரியாமல் அவள் எஞ்சினைக் கிளப்பியிருக்கிறாள். பூ உதிர்ந்திருக்கும். நூல் உதிரவில்லை. சுற்றிச் சுற்றிப் போய்ச் சீலின் உதட்டை அறுத்திருக்கிறது.

நான் அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் நினைக்கவில்லை.

“தண்டையும் பாத்துருங்கண்ணே,” என்றாள்.

“அதான் நூலு கெடச்சிருச்சே.”

“நூலு இருந்தா கட்டையில தட்டலன்னு ஆயிருமா? பின்னால ஒரு நாளு நீங்களோ வேற யாரோ, ரெண்டுந்தான் நடந்துச்சும்பாங்க. இப்பவே பாத்துருங்க.”

விளையாட்டுக் குரல் போய்விட்டிருந்தது. அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். செங்கல்லின் மேல் திருப்புளியைப் படுக்கவைத்து, அதன் நுனி தண்டின் முனையைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கும்படி அமைத்தார். பிறகு தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றினார். வளைந்த தண்டு என்றால் அந்த இடைவெளி கூடிக் குறையும். தரையோடு தரையாகக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மீண்டும் சுற்றினார். திருப்புளியை வேறு இடத்தில் வைத்து மறுபடியும் பார்த்தார். தனக்குச் சாதகமான பதிலைத் தேடுகிறவராக இருந்தால் ஒரு தடவையோடு எழுந்திருக்கலாம். தொழிற்சாலையில் அவரை ஏன் அத்தனை பேர் மதித்தார்கள் என்பது எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது.

“நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கு,” என்றார் எழுந்தபடி. “காலு அடி வாங்கல.”

அவள் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். சோப்புத் தண்ணீர் தெறித்திருக்கலாம்.

புதிய சீல்கள் கொச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தன. பழையவற்றில் சின்னத் திருகுகளை ஏற்றிப் பிடித்து இழுத்ததும், புதியவற்றைச் சரியான அளவுக் குழாய்த்துண்டால் கோணாமல் உள்ளே தட்டியதும் அவர் கைவண்ணம். மறுபடி ரத்த அழுத்தம் பார்த்தோம். இம்முறை முள் இருநூறில் போய் உட்கார்ந்துகொண்டு அசையவில்லை. எண்ணெயைக் காலின் அடித்துளை வழியாக ஏற்ற வேண்டும், மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும் என்று நான் படித்துச் சொன்னேன்; அவள் பொறுமையாகக் கீழிருந்து பம்பால் ஏற்றி, மேல் திறப்பில் குமிழியில்லாமல் எண்ணெய் வழியும்வரை நிறுத்தவில்லை. குட்டநாட்டுக்காரருக்கு அவர் எப்போது போன் செய்து வேண்டாமென்று சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சு வீட்டில் பிறகு எழவில்லை.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று மேகம் விலகி வெயில் அடித்தது. எதிர்க்கரையில் யானைகள் இரண்டு தண்ணீர் குடித்துவிட்டு, எங்களைக் கண்டுகொள்ளாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தன. அதிகாரி துறையில் நின்று பார்த்தார். எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியபின்னும் காலைச் சுற்றித் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஆள் ஏற்றுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் போய் வாருங்கள் என்றார்.

நான் பின்னிருக்கையில் உட்கார்ந்தேன். என் கணவர், முதலாளி உட்காரும் தோரணையில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, சாவியைப் போட்டு, அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

“லைஃப் ஜாக்கெட்டுப் போடுங்கண்ணே.”

“ஏய், நான் படகுக்காரன்.”

“படகுல ஏறுனா எல்லாரும் ஆளுதான். ஜாக்கெட்டுப் போடாத ஆள வச்சு நான் படகு எடுக்க மாட்டேன்.”

“இந்தச் சுத்து சுத்திட்டு வர்றதுக்கு எதுக்கு?”

“அப்ப எறங்கிக்கோங்க. மதினியும் நானும் போயிட்டு வாறோம்.”

துறையில் நின்ற அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் என் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது சரியாகவே இருந்தது. அவர் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை எடுத்துத் தலை வழியாக மாட்டினார். வயிற்றுக்குக் குறுக்கே பட்டை எட்டவில்லை. அவள் எழுந்து வந்து, பட்டையை நீட்டி, கொக்கியை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

“மூச்சு முட்டுது,” என்றார்.

“முட்டட்டும். கசியாது.”

சாவியைத் திருப்பினாள். கட்டைகள் ஒளிந்திருக்கும் வடக்கு மூலையை அகலமாகச் சுற்றி விலக்கிக்கொண்டு, படகு நடு அணைக்குத் திரும்பியது.